குவார்ட்ஸும் குவார்ட்சைட்டும்: மேடைக்கல் வாங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

அடுக்களைக்காரி, சென்னை

எங்கள் சமையல் மேடையில், அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு பழுப்பு வளையம் இருக்கிறது. இருப்புச் சட்டியின் அடிக்கு அளவெடுத்து வரைந்ததுபோல் இருக்கும். விரலால் தடவினால் சுற்றிலும் வழவழப்பு, அந்த இடம் மட்டும் சொரசொரப்பு. பொங்கலுக்கு முந்தின வாரம் முறுக்கு சுட்டு முடித்த கையோடு சட்டியை அப்படியே கல்லின்மீது இறக்கி வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளாகக் கறுப்பு கிரானைட்டில் அப்படி வைத்தே பழகிய கை. சட்டியை எடுத்தபோது வெள்ளைக் கல் மஞ்சளித்திருந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

கடையில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இது குவார்ட்ஸ் அம்மா. கிரானைட்டைவிடக் கடினம். கீறல் விழாது, கறை பிடிக்காது." அதில் பொய் எதுவும் இல்லை. குவார்ட்ஸ் என்ற கனிமம், கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. காய் நறுக்கும் கத்தியால் அதைக் கீற முடியாது. ஆனால் நாங்கள் வாங்கி வந்தது அந்தக் கனிமம் மட்டும் இல்லை. குவார்ட்ஸைப் பொடித்து, எடையில் சுமார் 90 விழுக்காடு அதைப் போட்டு, மீதிக்குப் பாலியெஸ்டர் பிசினும் நிறமும் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதிர வைத்து அழுத்தி, சூடேற்றி இறுக்கிய பலகை அது. இத்தாலியின் பிரெட்டான் நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பொடித்த கல் சூடு தாங்கும். அதைப் பிணைத்து வைத்திருக்கிற பிசின் 150 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கெடத் தொடங்கிவிடும். முறுக்கு வேகும் எண்ணெயே 180 டிகிரியைத் தொடும் என்றால், தீயிலிருந்து நேரே இறக்கிய சட்டியின் அடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சூட்டினால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைக் கடைக்காரர் வாயால் சொல்லியிருந்தால் அம்மா வீட்டுப் பிரிமணையை அன்றே எடுத்து வந்து அடுப்பருகே வைத்திருப்பேன்.

இப்போது மகள் வீடு கட்டுகிறாள். அவளுக்குக் "குவார்ட்சைட்" என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே சரக்கா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். குளியலறைக் கை கழுவும் மேடைக்கு என்ன போடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஓசூர்வாசி

அக்கா, பெயரில்தான் உறவு. குவார்ட்ஸ் பலகை ஆலையில் பிறப்பது, குவார்ட்சைட் மலையில் வெட்டி எடுப்பது. மணற்கல் பூமிக்குள் ஆழப் புதைந்து, வெப்பமும் அழுத்தமும் பட்டு, மணல் பரல்கள் ஒன்றோடொன்று இறுகிப் போனால் அது குவார்ட்சைட். எங்கள் கொங்குப் பக்கம் காட்டில் வெங்கச்சங்கல் கிடக்கும். சின்ன வயதில் இரண்டை எடுத்து இருட்டில் உரசிப் பொறி பறக்க விட்டு விளையாடுவோம். அது குவார்ட்ஸ்தான். மலையே அந்தக் கனிமத்தால் ஆனதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிசினால் பிணைத்தது இல்லை என்பதால் சூடான சட்டியை வைத்தால் நிறம் மாறாது. அதற்காகக் குளிர்ந்த கல்லின்மீது கொதிக்கிற சட்டியை நாளெல்லாம் வைக்கலாம் என்று இல்லை. திடீர்ச் சூட்டில் எந்தக் கல்லும் விரிசல் விடலாம்.

நான் கல் வாங்கப் பெங்களூருக்கு அருகே ஜிகணிக்குப் போனேன். சாலையின் இருபுறமும் பலகைகளைச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். போகும்போது பையில் ஒரு காலிக் கண்ணாடிப் புட்டியும் இரண்டு எலுமிச்சம்பழமும் எடுத்துப் போனேன். கூட வந்த மைத்துனர் சர்பத் போடவா என்று கேட்டார்.

முதல் கிடங்கில் சாம்பல் கோடு ஓடிய வெள்ளைக் கல்லைக் காட்டிக் குவார்ட்சைட் என்றார்கள். விலையும் அதற்கேற்ற விலைதான். உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மெருகேறாத அதன் முனையைப் புட்டியில் அழுத்தி இழுத்தேன். கண்ணாடியில் கீறல் இல்லை. கல்தான் வெள்ளைக் கோடாக மாவு உதிர்த்தது. மெருகு போட்ட பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து துடைத்தோம். சாறு நின்ற இடம் வட்டமாக மங்கியிருந்தது. அது சலவைக்கல் இனம். அதன் கடினம் 3, 4 என்ற அளவில்தான் இருக்கும். கண்ணாடி ஏறக்குறைய 5.5. உண்மையான குவார்ட்சைட் என்றால் கண்ணாடியைக் கீறியே ஆகவேண்டும். விற்றவரிடம் காட்டினேன். "இது மென்மையான குவார்ட்சைட் சார்" என்றார். அப்படி ஒரு கல் கிடையாது. இந்த வார்த்தையைக் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

நாலாவது கிடங்கில் கிடைத்த துண்டு புட்டியில் கிறீச்சென்று இறங்கியது. விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். எலுமிச்சைச் சாறு அரை மணி நேரம் நின்றும் மெருகு அப்படியே இருந்தது. தாஜ்மஹால் என்ற பெயரில் விற்கிற இளமஞ்சள் கல் அது. பெயர்தான் ஆக்ரா, கல் வருவது பிரேசிலிலிருந்து. அதையே வாங்கினேன்.

ஆனால் குவார்ட்சைட் தாகமுள்ள கல். இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. பரல்களுக்கிடையே நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து நின்றால் உள்ளே இறங்கிவிடும். அதனால் பதித்ததும் அந்தத் துளைகளை அடைக்கும் சீலர் என்ற திரவத்தைப் பூச வேண்டும், பிறகும் அவ்வப்போது பூச வேண்டும். எப்போது என்று நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு கரண்டி தண்ணீரை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. என் மனைவி ஊறுகாய் கலந்த அன்று ஒரு மஞ்சள் திட்டு விழுந்தது. சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, மூடி, இரவு முழுக்க விட்டோம். எண்ணெய் ஏறி வந்துவிட்டது. மிச்சமிருந்த மஞ்சள் சன்னல் வெயிலில் சில நாளில் வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு வெயில்தான் எமன்.

பின்கட்டு, கோயம்புத்தூர்

வெயில் என்றதும் என் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. குளியலறையிலும், பின்கட்டில் கை கழுவும் இடத்திலும் ஒரே பலகையிலிருந்து வெட்டிய வெள்ளை குவார்ட்ஸ் போட்டோம். மூன்று ஆண்டு ஆகிறது. குளியலறையில் இருப்பது இன்றும் பால் வெள்ளை. பின்கட்டில் இருப்பது பழைய புத்தகத் தாள்போல் மஞ்சளித்துவிட்டது. மேற்கு வெயில் நேராக விழும் இடம் அது. பிசினுக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. வெட்டவெளியில் குவார்ட்ஸ் வேண்டாம்.

குளியலறைக்கு நான் குவார்ட்ஸைத்தான் சொல்வேன். அங்கே சூடான பாத்திரம் வராது, துளைகள் இல்லாததால் சோப்புத் தண்ணீர் இறங்காது, சீலர் வேலையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வடிகுழாய் அடைப்பு நீக்க எரிகாரப் பொடி போடுவோம் அல்லவா, அது சிந்தி ஈரத்தில் ஊறிக் கிடந்த இடத்தில் எங்கள் கல்லின் மெருகு போய்விட்டது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தையும் கல்லின்மீது வைக்க வேண்டாம்.

கல்பட்டறை மகன், கிருஷ்ணகிரி

எல்லோரும் கல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதை வெட்டுகிறவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். அப்பா முப்பது ஆண்டு கிரானைட் அறுத்தவர். மாலையில் வீட்டுக்கு வந்தால் புருவம் வெளுத்திருக்கும். இப்போது படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்.

கிரானைட்டில் படிகச் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் கனிமம், பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். குவார்ட்ஸ் பலகையிலும் குவார்ட்சைட்டிலும் அது 90 விழுக்காடு வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். உலர்வாக அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அதுதான் சிலிக்கோசிஸ். தங்கியது திரும்பி வருவதில்லை. இளம் வயதுத் தொழிலாளர்கள் பலருக்கு இந்த நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையையே தடை செய்துவிட்டது. இங்கே அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள். துண்டு அந்தத் தூளைத் தடுக்காது.

தொட்டிக்கும் அடுப்புக்கும் துளை போடுவது, விளிம்பு மழுக்குவது எல்லாவற்றையும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அளவை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக் கொடுத்தால் வீட்டில் அறுக்க வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. கூலி கொஞ்சம் கூடக் கேட்பார்கள், தயவுசெய்து கொடுங்கள்.

தொழில் சம்பந்தமாக ஒன்று. தொட்டித் துளையின் உள்மூலையைச் சதுரமாக வெட்ட விடாதீர்கள், வளைவாக வெட்ட வேண்டும். சதுர மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஒட்டுப் போடும் இடமும் தொட்டிக்கு நடுவில் வரக்கூடாது.

அடுக்களைக்காரி, சென்னை

தம்பி, அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. எங்கள் வீட்டில் கல் பதித்த அன்று அறுத்தவருக்கு மோர் கொடுத்தேன், தூளைப் பற்றி நினைக்கவே இல்லை. மகள் வீட்டுக்குப் பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்துத் தருவதாக எழுதிக் கொடுப்பவரிடம்தான் வேலை என்று நேற்றே சொல்லிவிட்டோம்.

குளியலறைக்குக் குவார்ட்ஸ் என்று முடிவாகிவிட்டது. சமையலறைக்கு இரண்டு கடைகளிலிருந்து குவார்ட்சைட் என்று சொல்லி உள்ளங்கை அளவுத் துண்டுகள் கொடுத்தார்கள். புட்டியில் உரசிப் பார்த்தோம். ஒன்று கீறியது. மற்றது மாவு உதிர்த்தது. கீறிய துண்டில் சீலர் பூசாமலேயே நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து ஒரு மூலையிலும், புளிக்கரைசலை ஒரு மூலையிலும் விட்டுச் சன்னலோரம் வைத்திருக்கிறாள் மகள். புளி நின்ற இடம் துடைத்ததும் சுத்தமாகிவிட்டது. மஞ்சள் இறங்கியிருக்கிறது. வெயிலில் எத்தனை நாளில் வெளுக்கிறது என்று நாள்காட்டியில் குறித்துக்கொண்டு வருகிறாள். இன்று நான்காவது நாள்.