புகார் படிவத்தில் ஒரு கேள்வி: முழுவதும் படித்தீர்களா?

அமெரிக்கப் பள்ளிகளில் புத்தகங்களைத் தடை செய்யச் சொல்லும் சண்டையைப் பற்றி நம்மவர் எழுதியவை.

டெக்சாஸின் ஹூஸ்டன் புறநகரிலிருந்து, ஓர் அம்மா

2021 அக்டோபரில் எங்களுக்குப் பக்கத்துக் கேட்டி பள்ளி மாவட்டத்தில் வெள்ளையர் மிகுந்த பள்ளிக்குப் போகும் கறுப்பினப் பையனைப் பற்றிய ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' படக்கதையை நூலகத்திலிருந்து எடுத்தார்கள். முந்தைய ஆண்டு, சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் வாங்கிய புத்தகம். வெள்ளைக் குழந்தைகள் மனம் நோகுமென்று சில பெற்றோர் மனுக் கொடுத்தார்கள். ஆய்வுக் குழு பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தது.

அந்தச் சூடு எங்கள் பள்ளிக்கும் வந்தது. கூட்டத்தில், அதே புத்தகத்தின் மேல் புகார் கொடுத்த ஓர் அம்மாவின் படிவத்தைத் திரையில் காட்டினார்கள். 'புத்தகத்தை முழுவதும் படித்தீர்களா?' என்ற கேள்விக்கு, 'சில பக்கங்கள்' என்று எழுதியிருந்தார். அடுத்த கேள்வி, 'என்ன செய்ய வேண்டும்?' அதற்கு மட்டும் கட்டம் நிரம்பி வழிந்தது!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் என் காதோடு சொன்னார்: "நமக்கெதற்குங்க இந்த வம்பு? கறுப்பர், வெள்ளையர் பிரச்சினை. நம் பிள்ளைகள் கணக்கைப் படித்தால் போதும்." பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. வீட்டில் மகனிடம் சொன்னபோது அவன் அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தைக் காட்டினான். கதையில் ஒரு கறுப்பினப் பையனை ஆசிரியை வேறொரு கறுப்பினப் பையனின் பெயரால் அழைத்துக்கொண்டே இருக்கிறார். "என்னையும் அந்தத் தெலுங்குப் பையனையும் எங்கள் டீச்சர் இப்படித்தான் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்" என்றான். வருடம் முழுக்க இதை அவன் எங்களிடம் சொன்னதே இல்லை. வம்பு நம்முடையதில்லை என்ற அந்த அண்ணனிடம் இதை இன்னும் சொல்லவில்லை, சொல்வேன்.

புளோரிடாவிலிருந்து

எங்கள் பக்கம் கூட்டமும் இல்லை, படிவமும் இல்லை. 2022இல் வந்த சட்டப்படி, பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புத்தகங்களைத் தகுதி பெற்ற நூலகர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பறை அலமாரியும் அதில் சேர்த்தி என்று மாநிலம் விளக்கம் கொடுத்ததும் ஆசிரியர்கள் நடுங்கிவிட்டார்கள். 2023 தொடக்கத்தில் மனாட்டி மாவட்டத்தில் அலமாரிகளைக் காகிதம் ஒட்டி மறைத்தது செய்தியாக வந்தது. உதவிக்குப் போன இடத்தில் என் கையிலும் ஒரு காகிதச் சுருளைக் கொடுத்தார்கள். ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். எந்தப் புத்தகத்தின் மேலும் எந்தப் பெற்றோரும் குறை சொல்லியிருக்கவில்லை. பயமே போதுமாயிருந்தது.

நியூஜெர்சியிலிருந்து, ஓர் அப்பா

நான் எதிர்ப்பக்கம் நின்றவன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மகளின் வகுப்பில், அடிமை முறை இருந்த காலத்தைப் பற்றி மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல் பாடம். கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் அதில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. மாணவர்கள் முறை வைத்து உரக்க வாசித்தார்கள். வகுப்பில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் மகளின் தோழி. அந்தச் சொல் வரும்போதெல்லாம் முப்பது தலைகள் அவள் பக்கம் திரும்பினவாம். ஆசிரியரைப் பார்த்து, அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்க வைக்காதீர்கள் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார். பாடத்திலிருந்தே தூக்கச் சொல்லி வேறு சில பெற்றோர் கையெழுத்து வாங்கினார்கள். அதில் நான் போடவில்லை. 2011இல் அந்தச் சொல்லை 'அடிமை' என்று மாற்றி ஒரு பதிப்பே வந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியத்தானே வேண்டும்.

மீண்டும் ஹூஸ்டன் அம்மா

அண்ணா, நீங்கள் செய்தது தடை கேட்பதில் சேராது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வேறு புத்தகம் கொடுங்கள் என்று எந்தப் பெற்றோரும் கேட்கலாம், எங்கள் பள்ளியிலும் அந்த வழி உண்டு. ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டாம் என்று எங்கள் பள்ளியில் புகார் கொடுத்த அந்த அம்மா எழுதியதுதான் எனக்கு ஒப்பவில்லை. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகப் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர் சொன்ன 1982 பிகோ வழக்கை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. 2025 மே மாதம் டெக்சாஸின் லானோ பொது நூலக வழக்கில், நூலகம் புத்தகத்தை எடுத்துவிட்டால் அதைப் படிக்கும் உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெக்சாஸில் இருப்பவர்கள் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். பேச விரும்பினால் முன்பே பெயர் கொடுக்க வேண்டும்.