ஃபோலி விழுந்தது செட்டப்பாம்! (அண்டர்டேக்கர் திரியில் ஒருத்தரின் கண்டுபிடிப்பு)

முள்கம்பி:
நம்ம மல்யுத்தக் களத்துல, அண்டர்டேக்கர் திரியில நேத்து ராத்திரி நம்ம சந்தேகசாமி அருள்வாக்கு சொல்லியிருக்கார். அப்படியே போடுறேன்:

//மிக் ஃபோலியோட கெரியரே ரெண்டு தடவை கீழ விழுந்ததுதான். அதுவும் ரெண்டுமே செட்டப். கூரையை முன்னாடியே கழட்டி வச்சிருந்தாங்க.//

அங்க பதில் போட்டா திரி திசை மாறுதுன்னு தூக்கிடுவாங்க. அதான் தனித் திரி.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், கிங் ஆஃப் தி ரிங் நிகழ்ச்சி. ஃபோலிக்கும் அண்டர்டேக்கருக்கும் ரிங்கைச் சுத்திக் கம்பி வலைக் கூண்டு வச்ச ஆட்டம். கூண்டு உச்சியில இருந்து ஸ்பானிஷ் கமென்ட்ரி மேசை மேல விழுந்தது பேசி வச்சதுதான். யாரும் மறுக்கல. ஆனா ரெண்டாவது தடவை, கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி அடிக்கிற சோக்ஸ்லாம் வாங்கி, கூரை வலை பிய்ச்சுக்கிட்டு ரிங்குக்குள்ள விழுந்தாரே, அது பிளான் கிடையாது. ஃபோலியும் சொல்லிட்டார், அண்டர்டேக்கரும் சொல்லிட்டார். ஆள் போயிட்டான்னுதான் நினைச்சேன்னு மேல நின்ன மனுஷனே சொல்றார். சாமிக்கு மட்டும் வேற ஏதோ தரிசனம் கிடைச்சிருக்கு.

சந்தேகசாமி:
எனக்கென்று தனித் திரி திறந்து கௌரவித்ததற்கு நன்றி. மல்யுத்தக்காரர்கள் "அது நிஜம்" என்று சொன்னதையே ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். நிஜம் என்று நம்ப வைப்பதுதானே ஐயா அவர்கள் பிழைப்பு? அதற்குத்தானே சம்பளம்?

என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்தக் கூரை ஏன் பிய்ந்தது? மேலே இரண்டு பேர் சண்டை போடப் போகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். ஃபோலி 130 கிலோ, அண்டர்டேக்கர் அதற்கும் மேல். தாங்குமா என்று ஒருத்தர் கூடப் பார்க்கவில்லையா? நம்பிவிட்டோம்.

முள்கம்பி:
வீடியோவை முதல்ல இருந்து பார்த்திருந்தா இந்தக் கேள்வியே வராது. மேல ஏறி நடக்க ஆரம்பிச்ச உடனேயே காலடியில வலை தொங்குது. ஃபோலி கால் வைக்கிற இடமெல்லாம் பள்ளம் விழுது. வெறும் கம்பி வலை அது. அதை மாட்டியிருந்த கட்டு ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டே வருது. முன்னாடியே கழட்டி வச்சிருந்தா முதல் விழுகைக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உள்ள போயிருப்பாங்க.

அப்புறம் அந்த நாற்காலி. ஃபோலி மேல கொண்டு போன இரும்பு நாற்காலி அவரோட சேர்ந்தே உள்ள விழுந்து மூஞ்சியில அடிச்சது. பல் உடைஞ்சு மூக்குத் துவாரத்துல போய் சிக்கிக்கிச்சு. அதோட ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்க, கேமரா கிட்டப் போய்க் காட்டும். தோள் இறங்கிடுச்சு, தாடை நகர்ந்துடுச்சு. பேசி வச்சு விழறவன் தன் மூஞ்சிக்கு நேரா நாற்காலியையும் கூட்டிட்டா விழுவான்?

பிளான் இல்ல. திரும்பவும் சொல்றேன், பிளான் இல்ல.

நாகர்கோவில்_நேச்சர்பாய்:
விழுந்தது பிளானோ இல்லையோ, விழறது ஒரு திறமையா? பழைய உலகச் சாம்பியன் ரிக் ஃப்ளேர் தன் சுயசரிதையிலேயே ஃபோலியை வெறும் ஸ்டண்ட்மேன்னு எழுதிட்டார். ஒரு மணி நேரம் ரிங்குக்குள்ள நின்னு ஆட்டத்தை நகர்த்துறவன்தான் மல்யுத்தக்காரன். மேசை, நாற்காலி, முள்கம்பி எல்லாம் சாமான் வியாபாரம்.

முள்கம்பி:
வாங்க, உங்களைத்தான் காணோமேன்னு பார்த்தேன். அந்த ஃப்ளேர்தான் 2006 சம்மர்ஸ்லாம்ல, 57 வயசுல, அதே ஸ்டண்ட்மேனோட "ஐ க்விட்" ஆட்டம் (ஒருத்தர் வாயால தோல்வியை ஒத்துக்கிற வரைக்கும் நடக்கிறது) ஆடினார். டிராயிங் பின் மேல விழுந்தார், முள்கம்பி வாங்கினார், மூஞ்சியெல்லாம் ரத்தம். சாமான் வியாபாரம்னா அவர் ஏன் கடைக்கு வந்தார்?

நாகர்கோவில்_நேச்சர்பாய்:
அந்த ஆட்டத்துல ஜெயிச்சது யாருன்னு சொல்லலையே?

முள்கம்பி:
ஃபோலியோட தோழியா வந்த மெலினாவை அடிப்பேன்னு ஃப்ளேர் முள்கம்பி சுத்தின மட்டையைத் தூக்கிக் காட்டினதும், அவங்களைக் காப்பாத்த ஃபோலி விட்டுக் கொடுத்தார். அதுக்குப் பேரு ஜெயிப்பா?

பருத்தித்துறை_பாலன்:
தம்பிமார், நீங்கள் ரெண்டு பேரும் ஃபோலியையும் ஃப்ளேரையும் வைச்சு அடிபடுறியள். இந்த வழியை வெட்டினது டெர்ரி ஃபங்க் எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லை. 1975இல என்.டபிள்யூ.ஏ. எண்ட மல்யுத்த அமைப்பின்ர உலகச் சாம்பியன். அப்பவே ஓய்வெடுத்திருந்தாலும் பேர் நிண்டிருக்கும். மனுசன் 1997இல, 52 வயசில, ஈ.சி.டபிள்யூ. எண்ட கம்பெனியின்ர பட்டத்தை வெண்டவர். அந்தப் பிட்ஸ்பர்க் ஆட்டத்திலயும் மேல இருந்தே தொடங்கலாம் எண்டு ஃபோலிக்கு யோசனை குடுத்தது ஆர்? ஃபங்க்தான். ஃபோலி அசையாமல் கிடக்கேக்க ஓடி வந்து, அண்டர்டேக்கரிட்ட சோக்ஸ்லாம் வாங்கி நேரத்தை இழுத்துக் குடுத்ததும் அவர்தான். சப்பாத்து ரெண்டும் ரிங்கிலயே கழண்டு கிடந்தது, பார்த்தனீரோ?

சந்தேகசாமி:
பாலன் அண்ணா நல்ல சாட்சி சொன்னார். ஒருவர் விழுகிறார், உடனே இன்னொருவர் ஓடி வந்து அடி வாங்கி நேரத்தை நிரப்புகிறார். இதற்குப் பெயர் பிளான் இல்லையாம். கூரை ஏன் பிய்ந்தது?

பருத்தித்துறை_பாலன்:
ஐசே, நான் சாட்சி சொல்ல வரேல்லை. என்னை உமது பக்கம் இழுக்க வேண்டாம்.

முள்கம்பி:
சாமி, முதல்ல விழுந்தப்பவே ஸ்ட்ரெச்சர் வந்து, டாக்டர் வந்து, அண்டர்டேக்கரை மேல வச்சே கூண்டைத் தூக்கி வழி விட்டாங்க. ஃபங்க் அப்பவே வெளியில வந்து நின்னார். ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போன ஆள் பாதி வழியில இறங்கித் திரும்ப வந்து ஏறினார். அந்தக் குழப்பத்துல அங்க இருந்த எல்லாரும் என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சாங்க. அண்டர்டேக்கர் கால் எலும்பு முறிவோட அந்த வலை மேல நின்னுக்கிட்டு இருந்தார், அதுவும் பிளானா?

இன்னொண்ணு. சோக்ஸ்லாம் வாங்குறவன் தானும் எம்பிக் கொடுக்கணும், அதுதான் முறை. ஃபோலிக்கு அப்ப எம்ப உடம்புல தெம்பில்ல. ஒழுங்கா எம்பியிருந்தா கழுத்து அடிபட்டுப் போயிருப்பேன், சரியா வாங்காததாலதான் பிழைச்சேன்னு அவரே சொல்றார். பேசி வச்சவன் இப்படியா வாங்குவான்?

சாமியோட வரலாறு தெரியாத புது ஆளுங்களுக்கு ஒரு தகவல்: மல்யுத்தக்காரர் கோல்ட்பெர்க் தொடர்ந்து 173 ஆட்டம் ஜெயிச்சது அட்சர சுத்தமான கணக்குன்னு போன வருஷம் இதே களத்துல பக்கம் பக்கமா வாதாடினவர் இவர். அவரோட கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ. வாரா வாரம் கைக்கு வந்த நம்பரை ஏத்தி விட்டதை நம்புவார். ஃபோலி மூக்குல நின்ன பல்லை நம்ப மாட்டார்.

சந்தேகசாமி:
கோல்ட்பெர்க் திரியை இங்கே இழுப்பது தோல்வியின் அறிகுறி. அங்கே கடைசியில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முள்கம்பி:
ஓடல. திரியைப் பூட்டிட்டாங்க.

டிரம்ப்கார்டு_தம்பி:
அண்ணன்களா, ஹார்ட்கோர் மல்யுத்தம்னா என்னன்னு யாராவது முதல்ல சொல்லிட்டுச் சண்டை போடலாமே? ஆயுதம் வச்சு ஆடினா ஹார்ட்கோரா, ரத்தம் வந்தாலா, விதி இல்லைன்னாலா? சின்ன வயசுல டிரம்ப் கார்டு விளையாண்டதோட சரி, அதுல உயரம், எடை, பைசெப்ஸ் மட்டும்தான் போட்டிருக்கும்.

நாகர்கோவில்_நேச்சர்பாய்:
மல்யுத்தம் தெரியாதவன் ஆடுறது ஹார்ட்கோர். முடிஞ்சது.

முள்கம்பி:
மல்யுத்தம் தெரியாதவன்! சரி, ஃபோலி யாருன்னு உட்கார்ந்து படிங்க.

1983 அக்டோபர்ல காலேஜ்ல இருந்து லிஃப்ட் கேட்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் போய், ஜிம்மி ஸ்னூக்கா கூண்டு உச்சியில இருந்து டான் முராக்கோ மேல பாஞ்சதைப் பார்த்த பையன். டாமினிக் டெனூச்சிகிட்ட பயிற்சி எடுக்க சனி ஞாயிறு காரை ஓட்டிக்கிட்டுப் போய் காருக்குள்ளயே தூங்கினவன். 1993ல வேடர்ங்கிற மல்யுத்தக்காரர் அவரைத் தூக்கி வெறும் கான்கிரீட் தரையில அடிச்சார், பவர்பாம்னு பேரு. தலையில அடி, கால் மரத்துப் போச்சு. அதை வச்சு நல்ல கதை பண்ணியிருக்கலாம். அவர் அப்ப இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? ஞாபகம் போயி கிளீவ்லாண்டுல அலையறார்னு காமெடி சீன் எடுத்துச்சு. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

1994 மார்ச், மியூனிக். திரும்பவும் வேடர். ரெண்டு கயிறுக்கு நடுவுல தலையை முறுக்கி மாட்டிக்கிற வித்தை ஒண்ணு ஃபோலி பண்ணுவார். கயிறுன்னு பேருதான், உள்ள இரும்புக் கம்பி, மேல ரப்பர். அன்னைக்குக் கயிறு தொளதொளன்னு இருக்குன்னு வேற ஒருத்தர் சொல்லி இறுக்கி வச்சிருந்தாங்க, இவருக்குத் தெரியாது. தலை மாட்டிக்கிச்சு. பிடுங்கிக்கிட்டு வெளிய வர்றப்ப காது கிழிஞ்சிருச்சு. திரும்ப உள்ள ஏறி ஆடினார், வேடரோட அடியில வலது காது அப்படியே பிஞ்சு விழுந்துச்சு. ரெஃபரி கையில காது. ஆட்டம் நிக்கல. ரெண்டு பேரும் தொடர்ந்து ஆடினாங்க. இதையும் அந்தக் கம்பெனி கதையாக்கல. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா அவரே வெளிய வந்துட்டார்.

1995 ஆகஸ்ட் 20, ஜப்பான்ல கவாசாகி ஸ்டேடியம். ஒரே நாள்ல மூணு ஆட்டம்: டெர்ரி கோர்டி, நாகமாகி, கடைசியில டெர்ரி ஃபங்க். முள்கம்பி, வெடி, எல்லாம். ஜெயிச்சது ஃபோலி. பாலன் அண்ணா, குறிச்சுக்கோங்க, உங்க ஃபங்க்கை ஜெயிச்சார்.

பருத்தித்துறை_பாலன்:
அப்ப ஃபங்குக்கு வயசு 51. ஃபோலிக்கு 30. அதையும் குறிச்சு வையும்.

சந்தேகசாமி:
இத்தனை நீளம் எழுதினீர்கள். கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, வேறொன்று கேட்கிறேன். 1999 ஜனவரி 24, அனஹைம், ராயல் ரம்பிள். ராக்கோடு "ஐ க்விட்" ஆட்டம். கைகளைப் பின்னால் விலங்கிட்டு, தலையில் நாற்காலியால் 11 அடி. மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அலறி அழுததை ஆவணப்படத்தில் எல்லோரும் பார்த்தோம். தியாகி என்கிறீர்களே, அந்தப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு வந்தது யார்?

முள்கம்பி:
பேசி வச்சது 5 அடி. 11 அடிச்சது ராக். அதை ராக் ரசிகர்கள்கிட்ட கேளுங்க.

சந்தேகசாமி:
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது ராக்கா?

முள்கம்பி:
அந்த ஆவணப்படத்தை அவருக்கே போட்டுக் காட்டினப்ப அவர் மூஞ்சி போன போக்கையும் பார்த்திருப்பீங்களே, அதை ஏன் விட்டுட்டீங்க? அந்த ஆட்டத்துல "ஐ க்விட்"னு கேட்டதே பதிவு பண்ணின குரல். மனுஷன் வாயைத் திறந்து சொல்லவே இல்ல. பிளான் எது, பிளான் இல்லாதது எதுன்னு சாமிக்கு இங்கயும் குழப்பம்.

சந்தேகசாமி:
கேட்டது பிள்ளைகளைப் பற்றி. பதில் குரலைப் பற்றி. அருமை.

நாகர்கோவில்_நேச்சர்பாய்:
அந்த மாதிரி அடியாலதான் 2010ல தலையில நாற்காலி அடிக்கிறதையே அந்த ஆட்டத்தை நடத்தின டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பெனி தடை பண்ணுச்சு. பெருமையா இது?

முள்கம்பி:
ஃபோலியைத் திட்டுங்க, ஆனா 1999 ஜனவரி 4 அவர் பட்டம் வாங்கின கதையைத் தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுங்க. ஆட்டம் முன்கூட்டியே பதிவானது. எதிர்க் கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ. தன் நேரலையிலேயே "அங்க மிக் ஃபோலி ஜெயிக்கப் போறார், ஆஹா, கூட்டம் அள்ளப் போகுது"ன்னு நக்கலா முடிவைச் சொல்லுச்சு. கேட்டவங்க லட்சக்கணக்குல சேனலை மாத்தி ஃபோலியைப் பார்க்கப் போயிட்டாங்க. அதே ராத்திரி அந்த டபிள்யூ.சி.டபிள்யூ.ல என்ன? ஹோகன் ஒரு விரலால குத்தினார், கெவின் நாஷ் மல்லாக்க விழுந்து பட்டத்தைக் கொடுத்தார். சாமி, அதுதான் செட்டப். நல்லாப் பார்த்து வச்சுக்கோங்க.

அதே வருஷம் கையாலேயே எழுதின சுயசரிதை நியூயார்க் டைம்ஸ் பட்டியல்ல முதல் இடம். ஸ்டண்ட்மேனாம்.

சந்தேகசாமி:
கூரை?

முள்கம்பி:
பிளான் இல்ல!

டிரம்ப்கார்டு_தம்பி:
அந்தக் கூண்டு உயரம் எவ்ளோண்ணா? 20 அடியா?

முள்கம்பி:
16 அடி. 20 எல்லாம் பிற்பாடு வந்த பெரிய கூண்டு.

சந்தேகசாமி:
"20 அடி உயரத்திலிருந்து" என்று முள்கம்பி அவர்களே அண்டர்டேக்கர் திரியில் எழுதியிருந்தார். இப்போது 4 அடி காணோம். அதையும் வேடர்தான் பிய்த்துக்கொண்டு போனாரா?

முள்கம்பி:
அது எழுத்துப் பிழை.

சந்தேகசாமி:
இரண்டும் வேறு வேறு எண் ஐயா.

மட்டுறுத்துனர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். பேசுபொருளுக்குள் இருங்கள். அடுத்த தடவை பதிவு நீக்கப்படும்.

முள்கம்பி:
பேசுபொருள் ஃபோலி. நான் மட்டும்தான் அதுல இருக்கேன். 2013ல ஹால் ஆஃப் ஃபேம், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, அறிமுகம் செஞ்சு வச்சது டெர்ரி ஃபங்க். வெறும் விழுந்தவனுக்கு ஃபங்க் வந்து நிப்பாரா? பாலன் அண்ணா, இதுக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்க.

பருத்தித்துறை_பாலன்:
ஃபங்க் நல்ல மனுசன், உயிரோட இருக்கேக்க கூப்பிட்டால் ஆருக்கும் வந்தவர். அதை வைச்சு ஃபோலி அவருக்கு மேல எண்டு சொல்லாதேயும். இன்னொரு ஹார்ட்கோர் ஆட்டக்காரர் சாபுவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. 1997இல ஃபங்கோட முள்கம்பி ஆட்டத்தில கையின்ர சதை கிழிஞ்சு, டேப்பைச் சுத்திப்போட்டு ஆடி முடிச்சவர். அவர் புத்தகத்துக்கும் பேட்டிக்கும் நேரம் செலவழிச்சவரில்லை.

நாகர்கோவில்_நேச்சர்பாய்:
சாபு பாதி வித்தையில வழுக்கி விழுவார். அவரையெல்லாம் 16 முறை உலகச் சாம்பியன் ஃப்ளேரோட சேர்த்துப் பேசாதீங்க.

பருத்தித்துறை_பாலன்:
ஆர் சேர்த்தது? அதுசரி, அந்தப் பதினாறு எப்பிடி வந்தது? எண்ணுற ஆளுக்கு ஆள் கணக்கு மாறுது.

நாகர்கோவில்_நேச்சர்பாய்:
டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பெனியே 16ன்னு சொல்லுது. உங்களுக்கு என்ன கணக்கு வேணும்?

முள்கம்பி:
கம்பெனி சொன்னா வேதமா? அப்ப கோல்ட்பெர்க் 173ம் சரியா?

சந்தேகசாமி:
சரிதான். அன்றே சொன்னேன்.