எழுத்துரு எனக்குத் தெரிகிறது, மற்ற கணக்குகளில் வெறும் கட்டம்

கேள்வி: ஒரு லினக்ஸ் கணினியை நாலு பேர் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்துகிறோம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டேன். எனக்கு அருமையாகத் தெரிகிறது, மற்றவர்களுக்குக் கட்டம் கட்டமாக வருகிறது. அதோடு, எழுத்தளவை 13 ஆக்கினால் கோப்பு மேலாளர் மாறுகிறது, வீடியோ பிளேயர் அசைய மாட்டேன் என்கிறது.

பதில் 1: உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் போட்டிருப்பீர்கள், அது உங்களுக்கு மட்டும்தான். ரூட் (நிர்வாகி) அனுமதியோடு, யூஎஸ்ஆர்-லோக்கல்-ஷேர் என்று போய் அதற்குள் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் வையுங்கள். அப்புறம், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டுங்கள்.

பதில் 2: அளவு வேறு கதை. எழுத்துருவைத் தேடித் தருவது ஃபாண்ட்கான்ஃபிக். செயலிகளின் சாளரங்களை உருவாக்கும் கருவித்தொகுப்புகளான ஜிடிகே, க்யூடி இரண்டுமே அதைத்தான் கேட்கும். ஆனால் எந்த எழுத்துரு, என்ன அளவு என்பதை ஒவ்வொன்றும் தன் தன் அமைப்பில் பார்க்கும். உங்கள் பிளேயர் க்யூடி5 செயலி என்றால் க்யூடி5 செயலிகளின் தோற்றத்தை அமைக்கும் க்யூடி5சிடி என்ற கருவியை நிறுவி அதில் 13 வையுங்கள். இதுவும் ஆளுக்கு ஆள் தனி, நாலு கணக்கிலும் செய்ய வேண்டும். எரிச்சல்தான்.

கேட்டவர்: எழுத்துருவை அந்தக் கோப்புறைக்கு மாற்றிய பிறகும் கட்டம்தான் வந்தது! பார்த்தால் கோப்பின் அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டும்தான் படிக்க முடியும். எல்லாரும் படிக்கும்படி 644 ஆக்கி, செயலிகளை மூடித் திறந்ததும் எல்லாருக்கும் தமிழ் வந்துவிட்டது. பிளேயரை ராத்திரி பார்க்கிறேன்.