ஆடிக்காத்துல எந்தப் பக்கம்? – ‘ஞாயிறு மிதி, பொள்ளாச்சி’ சைக்கிள் குழு

சனி, மாலை 6:10

கதிர்: அண்ணா, நாளைக்கு உடுமலை ரோடு போலாங்களா? காத்து அந்தப் பக்கந்தான் தள்ளுது. சல்லுனு போயிரலாம்.

மில் ரோடு அண்ணன்: போறது சல்லுனு போயிரலாம் தம்பி. வர்றப்ப உசுரு போயிரும். இந்த மாசம் பூரா காத்து மேக்க இருந்து கிழக்கதான். வடக்க நீலகிரி, தெக்க ஆனைமலை, நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் சந்து, அதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காத்து அதுல நெருக்கிட்டு வந்து நம்ம மேல விழுகுது. உடுமலை பக்கம் அத்தன காத்தாலை நட்டிருக்கறதே அதனாலதான்.

மில் ரோடு அண்ணன்: ஆவணி பாதி வரைக்கும் மொதல்ல எதிர்காத்து, அப்புறம் தள்ளுகாத்து. கோபாலபுரம் ரோட்டுல மேக்க போய்ட்டுத் திரும்பிக்கலாம். காலு தெம்பா இருக்கறப்பவே கஷ்டத்த முடிச்சுறணும்.

டீச்சர் அக்கா: அண்ணன் சொல்றதுதான் சரி. தூரம் பாத்துத் திரும்ப வேண்டாம், நேரம் பாத்துத் திரும்பலாம். 1 மணி 20 நிமிஷம் மிதிச்சதும் எங்க இருந்தாலும் வண்டியத் திருப்பிருவோம்.

கதிர்: எதிர்காத்துல மணிக்கு 20 கிலோமீட்டர்ல போக முடியாதுங்களாக்கா?

டீச்சர் அக்கா: காத்து 20ல அடிச்சு நீ 20ல போனா, உன் நெஞ்சுல மோதறது 40. காத்தோட தடை அந்த வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். காத்தில்லாத நாள விட 4 மடங்கு. அதனால மீட்டரப் பாக்காத. கியர ரெண்டு மூணு எறக்கி, நிமிஷத்துக்கு 80 சுத்து வர்ற மாதிரி லேசா மிதி. பெரிய கியர்ல அழுத்துனா மொதல்ல கேக்கறது முட்டிதான்.

கதிர்: அப்ப ஆழியார் ரோடு? ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மறைப்பா இருக்குமே.

டீச்சர் அக்கா: இந்த மாசம் புதுசா வர்றவங்களுக்கு அது வேண்டாம். ஆழியார் நமக்கு நேர் தெக்க. போறப்ப காத்து வலது தோள்ல அடிக்கும். தோப்பு இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தோப்பு முடிஞ்சு காடு மேடா திறந்த எடம் வந்ததும் ஒரே தள்ளா தள்ளி மண்ணுல எறக்கி விட்ரும்.

டீச்சர் அக்கா: லாரி தாண்டறப்பதான் ரொம்ப கவனம் வேணும். காத்துக்கு ஈடு குடுக்க நாம வலப்பக்கம் சாஞ்சு ஓட்டிட்டு இருப்போம். லாரி பக்கத்துல வந்ததும் காத்து சட்டுனு நின்னுரும். சாஞ்ச சாய்வுக்கு வண்டி லாரிப் பக்கமே இழுக்கும். அது தாண்டுன மறு நொடி காத்து திரும்ப அடிக்கும். ஹாரன் கேட்டதும் ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும், முழங்கைய மடிச்சு தளர்வா வைக்கணும். திரும்பி வர்றப்ப காத்து இடது பக்கம், நடு ரோட்டுக்குத் தள்ளும். அது இன்னும் மோசம்.

மில் ரோடு அண்ணன்: கோபாலபுரம் ரோட்டுல ஒத்த வரிசை. காத்த மறைக்கறது முன்னால போறவர்தான், அவர் 2 நிமிஷத்துக்கு ஒருக்கா பின்னால வந்துரட்டும். புதுசா வர்றவங்க ஒரு மீட்டர் எடைவெளி விடுங்க. நம்ம முன்சக்கரம் முன்னால இருக்கறவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுல போகவே கூடாது. அவர் லேசா ஒதுங்குனாலும் ரெண்டும் ஒரசும், விழறது நாமதான்.

பெரியப்பா: சாயங்காலமே சாரல் போடுது. காலைலயும் இருக்கும். கதிரு, உன்ற டயர் என்ன சைஸ்?

கதிர்: 700க்கு 35 பெரியப்பா. காத்து 75 psi இருக்கு.

பெரியப்பா: உன்ற எடைக்கு பின்னால 65, முன்னால 60 போதும். ஈர ரோட்டுக்கு அதுலயும் 5 குறை. கல்லு மாதிரி இருந்தா டயர் தாருல படியாது, துள்ளும். ரொம்ப எறக்கியும் போடாத. குழில விழுந்தா ரிம் ட்யூப நசுக்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை போட்ரும்.

மில் ரோடு அண்ணன்: மழை புடிச்ச மொத கால் மணி நேரம் மெதுவா. தூசியும் ஆயிலும் கலந்து ரோடு வழுக்கும். வெள்ளைக் கோட்டு மேல பிரேக் புடிக்காதீங்க. தண்டவாளம் வந்தா நேர் குறுக்க தாண்டுங்க.

மில் ரோடு அண்ணன்: ரிம் பிரேக் வச்சிருக்கறவங்க நிறுத்தற எடத்துக்கு முன்னாலயே லேசா ஒருக்கா புடிச்சு விடுங்க, தண்ணி வழிச்சுட்டுப் போகும். அப்புறந்தான் புடிப்பு வரும். வீட்டுக்கு வந்ததும் பிரேக் கட்டையப் பாருங்க. மின்னுற துணுக்கு இருந்தா அது ரிம்மோட அலுமினியம். குண்டூசில நோண்டி எடுத்துட்டு உப்புத்தாள்ல தேச்சு விடுங்க. விட்டா ரிம்ம அரம் மாதிரி ராவிரும்.

கதிர்: செயினுக்கு ஆயில் தீந்துருச்சு. தேங்காண்ணெய் விடலாங்களா?

பெரியப்பா: வேண்டவே வேண்டாம். நம்மூர்ல எல்லா வீட்லயும் இருக்குதுன்னு அதையே விட்றாங்க. 24 டிகிரிக்குக் கீழ உறையும், மண்ணெல்லாம் புடிச்சுக்கும். பைக் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், புழுதி அப்பும். ஈரத்துக்குன்னு விக்கற சைக்கிள் ஆயில் வாங்கு. செயின நல்லா தொடச்சுட்டு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. ராத்திரியே விட்டுட்டு காலைல வெளிப்பக்கத்தத் துணியால வழிச்சுரு. உள்ள இருக்கறதுதான் வேலை செய்யும்.

டீச்சர் அக்கா: அப்படியே ஸ்கேல் வச்சு செயினையும் அளந்துரு. ஊசிக்கு ஊசி 12 முழுக்கண்ணி (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேந்தா ஒண்ணு) புதுசுல சரியா 12 இஞ்ச். 1/16 இஞ்ச் கூடிருந்தா மாத்திரு. 1/8 வரைக்கும் விட்டா பல்சக்கரமும் சேந்து போயிரும்.

பெரியப்பா: தேங்கா நார் காயப்போடற எடத்தத் தாண்டுனா பின்னால கியர் கப்பிய, அதான் செயின் சுத்திப் போற சின்னச் சக்கரத்த, பாருங்க. நாரு சுத்திக்கிட்டு கியர் விழாது. கையால இழுக்காம கத்தரில வெட்டி எடுங்க.

கதிர்: ஒட்டு சாமான் இருக்கு. போட்ட ஒட்டே நிக்க மாட்டேங்குது பெரியப்பா.

பெரியப்பா: சொல்யூசன் ஈரமா இருக்கறப்பவே ஒட்டறதுதான் தப்பு. உப்புத்தாள்ல தேச்சு, மெலிசா தடவி, 5 நிமிஷம் காய விடு. தொட்டா பெசுபெசுன்னு இருக்கணும், ஆனா கைல ஒட்டக் கூடாது. அப்ப வச்சு அமுக்கு. அதுக்கு முன்னால டயர் உள்பக்கம் விரல வச்சு மெதுவா தடவிப் பாத்துரு. நெருஞ்சி முள்ளு அங்கயே நிக்கும், மாத்துன ட்யூபையும் குத்தும். மழைல பஞ்சர் கூடறதும் அதான். ஈர ரப்பர்ல முள்ளு சுளுவா எறங்கும்.

டீச்சர் அக்கா: சாரல்னு தண்ணி குறைக்காதீங்க, மணிக்கு அரை லிட்டராவது உள்ள போகணும். எளநில பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிங்க. போர்வை மாதிரி தொங்கற மழைக்கோட்டு யாரும் போட வேண்டாம், இந்தக் காத்துக்கு சக்கரத்துல மாட்டும்.

மில் ரோடு அண்ணன்: காலைல 5:45க்கு பஸ் ஸ்டாண்டு முன்னால. வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும், தாமதம் வேண்டாம். பின்லைட்டு எரியாத வண்டிக்கு எடமில்ல.

இரவு 9:25

கதிர்: செயின் 1/16 தாண்டிருச்சுங்ணா. நாளைக்கு தாங்குமா?

மில் ரோடு அண்ணன்: நாளைக்கு ஒரு நாள் தாங்கும். பெரிய கியர்ல எந்திரிச்சு நின்னு மிதிக்காத. திங்கக்கிழமை மாத்திரு.

கதிர்: சரிங்ணா. பின்னால 60, முன்னால 55 வச்சுட்டேன்.