“நடத்தையில் மாற்றம் இல்லை” என்று வந்த பேட்ச்: ரிவ்யூ செய்தவர்களின் அனுபவங்கள்

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்பு வாசிக்கும் பகுதியைச் சுத்தம் செய்து வந்த பேட்ச் (கோடில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) எதையாவது ரிவ்யூ செய்திருக்கிறீர்களா? “நடத்தையில் மாற்றம் இல்லை” என்று சொல்லிக்கொண்டு என்னிடம் ஒன்று வந்திருக்கிறது, நீளமானது. எங்கே கண்ணை வைக்க வேண்டும்?

---

எங்கள் கருவிக்காக ஒரு பழைய கர்னலைப் பராமரித்து வந்தோம். பேஜ் கேஷிலிருந்து (டிஸ்கிலிருந்து வந்த கோப்பைப் பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) வாசிக்கும் அந்த நீண்ட ஃபங்ஷன் பலருக்கு நினைவிருக்கும். ஃபைண்ட்_பேஜ், பேஜ்_ஓகே, ரீட்பேஜ், நோ_கேஷ்டு_பேஜ் என்று லேபிள்கள், அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் தாவும் கோட்டூக்கள். மெயின்லைனில், அதாவது அதிகாரபூர்வ லினக்ஸில், 2021-இல் வந்த 5.12 பதிப்பில் அதை ஃபைல்மேப்_ரீட், ஃபைல்மேப்_கெட்_பேஜஸ் என்றெல்லாம் பிரித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் ஒருவர் பழையதையும் அதே பாணியில் பிரித்து அனுப்பினார்.

படிக்க நன்றாகவே இருந்தது. கோப்பின் அளவை எடுக்கும் வரியை மட்டும் லூப்பின் தலைக்குக் கொண்டுபோயிருந்தார். அளவைத் தாண்டிவிட்டால் பக்கத்தைத் தேடும் வேலை மிச்சம் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கம் கேஷில் இல்லாவிட்டால் டிஸ்கிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறொரு புரோகிராம் கோப்பை ட்ரங்கேட் செய்து சுருக்கிவிடலாம். அப்போது பக்கத்தின் கடைசிப் பகுதியில் இருப்பது வெறும் பூஜ்யங்கள். நம் கையில் இருப்பதோ பழைய அளவு. கோப்பில் யாருமே எழுதாத பூஜ்யங்கள் தரவு என்ற பெயரில் பயனரிடம் போய்ச் சேரும். பக்கம் அப்டுடேட் (அதன் தரவு முழுதாக வந்துவிட்டது) என்று தெரிந்த பிறகே அளவைப் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு கமென்ட் உண்டு. பேட்சில் அதையும் எடுத்துவிட்டிருந்தார்! அப்போதிருந்து டிஃப்பில் (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியல்) எந்தக் கமென்ட் காணாமல் போகிறது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

---

எனக்கு வந்த வில்லங்கம் ரிட்டர்ன் மதிப்பில். வாசிப்பு பாதியில் தோற்றால், அதுவரை ஏதாவது நகலாகியிருந்தால் அந்த பைட் எண்ணிக்கையைத்தான் திருப்ப வேண்டும். ஒன்றுமே கிடைக்காதபோதுதான் பிழை எண். “பிழை இருந்தால் பிழையைத் திருப்பு” என்று ஒரே வரியாக அதைச் சுருக்கியிருந்தார்கள். பிழை எண் திரும்பினால் கோப்பின் வாசிப்பு நிலையும் முன்னே நகராது. புரோகிராம் மறுபடி வாசித்தாலும் அதே பிழைதான் வரும்; நன்றாக வாசிக்கப்பட்ட பைட்டுகள் எத்தனை என்பது அதற்குத் தெரியாமலே போகும். டெஸ்ட் எல்லாம் பச்சை. நல்ல டிஸ்கில் ஓட்டினால் பச்சையாகத்தானே இருக்கும்? டிவைஸ் மேப்பரில் (மெய்நிகர் டிஸ்க் அமைக்க உதவும் கர்னல் பகுதி) டிஎம்-டஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட பிளாக்குகளை வாசிக்கும்போது பிழை வரும்படி செய்யலாம். அதில் ஓட்டிக் காட்டினேன், வாதம் முடிந்தது.

---

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்86 பிராசஸர்களில் ஃப்ளஷ்_டிகேஷ்_பேஜ் (ஒரு பக்கத்துக்காகப் பிராசஸர் கேஷை ஒழுங்குபடுத்தும் அழைப்பு) ஒன்றுமே செய்யாது. அதனால் “தேவையில்லாத வரி” என்று தூக்கிவிடத் தோன்றும். கேஷில் ஏலியசிங் (ஒரே தரவு கேஷில் இரண்டு இடங்களில் இருப்பது) உள்ள பழைய ஏஆர்எம் போன்றவற்றில், எம்மேப் (கோப்பை நினைவகம்போலப் பயன்படுத்தும் வழி) வழியாக எழுதியதை ரீட் வழியாகப் படிக்கும்போது பழைய தரவு வராமல் தடுப்பது அந்த வரிதான். லேப்டாப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் இது தெரியவராது.

---

பெயர் மாற்றம் மட்டும் உள்ள பேட்ச் என்றால் நான் அதிகம் யோசிப்பதில்லை. முன்னும் பின்னும் கம்பைல் செய்து, ஆப்ஜெக்ட் கோப்புகளை ஆப்ஜ்டம்ப் (கம்பைல் ஆன கோடைக் காட்டும் கருவி) போட்டு ஒப்பிடுவேன். ஒரு தொல்லை, வார்ன்_ஆன் போன்ற எச்சரிக்கை மேக்ரோக்கள் வரி எண்ணையும் உள்ளே பதித்து வைக்கும். ஒரு வரி கூடினாலும் வித்தியாசம் காட்டும். வரி எண்ணைப் பதிக்கும் அந்த வெர்போஸ் கன்ஃபிக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். 2022-இல் 5.19-இல் ரீட்பேஜ் போய் ரீட்_ஃபோலியோ வந்ததே, அது வெறும் பெயர் மாற்றம் இல்லை, ஆர்குமென்ட்டே மாறியது. அங்கே இந்தத் தந்திரத்தை நம்ப வேண்டாம்.

நகர்த்திய கோட் என்றால் கிட் டிஃப்பில் கலர்-மூவ்டு போடுங்கள். இடம் மாறிய வரிகள் தனி நிறத்தில் வரும். நகர்த்தும்போதே உள்ளே ஏதாவது திருத்தியிருந்தால் அந்த வரி வழக்கமான சிவப்பிலும் பச்சையிலும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்று தெரிந்தால் நான் மேற்கொண்டு படிக்க மாட்டேன். நகர்த்தல் ஒரு பேட்ச், திருத்தம் இன்னொரு பேட்ச் என்று பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடுவேன்.