மாடித் தோட்டத்தில் பூ நிறைய, பிஞ்சு நிற்பதில்லை. தேனீ எப்படி வரும்?

மாடிக்கொடி (வேளச்சேரி):
வணக்கம். நாலு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் இரண்டு வருடமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன், க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) முப்பது இருக்கும். பூசணியும் பீர்க்கும் பந்தல் முழுக்கப் பூக்கின்றன, ஆனால் பெண் பூவின் பிஞ்சு சுண்டுவிரல் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடுகிறது. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டால் பூசணி பிடிக்கிறது, பீர்க்கு மட்டும் பிடிப்பதே இல்லை. ஐஐடி வளாகமும் அதையடுத்துக் கிண்டி தேசியப் பூங்காவும் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நடுவில் முழுக்க கட்டடம். வீட்டுத் தோட்டங்கள் நகரத்துக்குள் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் வழி போட்டுக் கொடுக்கும் என்கிறார்கள். என் ஒரு மாடியால் அது நடக்குமா?

பந்தல்காரன்:
முதலில் பீர்க்கு. அது சாயங்காலம் பூக்கிற பூ அக்கா. ஐந்து, ஆறு மணிக்குமேல் விரியும், மறுநாள் காலையில் நீங்கள் தொடும்போது வாடிக்கொண்டிருக்கும். சுரையும் புடலையும் அப்படித்தான். இவற்றுக்கு முக்கியமாக வருவது அந்தி நேரத்தில் பறக்கும் விட்டில்கள். மாடியில் ராத்திரி முழுக்க எல்இடி விளக்கு எரிந்தால் அவை பூவை விட்டு விளக்கையே சுற்றும், அதை அணைத்துவிடுங்கள். கையால் தொடுவதானால் ஆறரை மணிக்கு மேல் தொடுங்கள். வேப்பெண்ணெய் அடிக்கிறீர்களா? பூச்சி வந்து போகும் நேரத்தில் வேண்டாம், விரிந்த பூமேல் எப்போதுமே வேண்டாம்.

தும்பை:
வழி பற்றிக் கேட்டீர்கள். ஒரே தேனீ ஐஐடியிலிருந்து கிளம்பி உங்கள் மாடி வழியாக அடுத்த ஊருக்குப் போவதில்லை, அது தினமும் கூட்டுக்குத் திரும்ப வேண்டிய ஜீவன். சுவர்ப் பொந்தில் கூடு கட்டும் கொசுத்தேனீ பொதுவாக அரை கிலோமீட்டருக்குள்தான் சுற்றும். அது புதுக் கூடு வைக்கும்போதும் தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் தேனும் சுமந்து வந்துதான் கட்டும், அதனால் சில நூறு மீட்டருக்குமேல் தள்ளிப் போக முடியாது. ஆக அந்த இரண்டு கிலோமீட்டரை அது தலைமுறை தலைமுறையாகத்தான் கடக்கும், நடுவில் பூவும் பொந்தும் இல்லாத அரை கிலோமீட்டர் வந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்தக் காலத்துச் சாலையில் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் இருந்தது, அதே வேலைதான் நம் மாடிகளுக்கு. மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறக்கும், அதற்கு இந்தக் கஷ்டம் இல்லை. பட்டாம்பூச்சி கூட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை, மாடி மாடியாகத் தாவிப் போய்விடும், ஆனால் முட்டை வைக்க அதற்கான செடி வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருந்தால் நசுக்காதீர்கள், கொஞ்ச நாளில் பச்சையாக மாறும், அப்புறம் கருப்பு இறக்கையோடு பறந்து போகும்.
நார்வேயின் ஆஸ்லோ நகரில் 2015-இல் இதையே ஊர் கூடிச் செய்தார்கள். மாடியிலும் பால்கனியிலும் பூத்தொட்டி வைத்து, பூ இல்லாத இடைவெளி எங்கே என்று வரைபடம் போட்டு அடைத்தார்கள். உங்கள் தெருவில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள்.

கருவண்டு_கோவை:
என்ன பூ வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. துளசியில் கதிர் வந்ததும் எல்லாவற்றையும் கிள்ளிவிடுவோம், நாலு கதிரை விட்டுப் பாருங்கள், கொம்புத்தேனீ (கிளையில் கூடு கட்டும் சின்னத் தேனீ) தேடி வரும். திருநீற்றுப்பச்சிலை, ஒற்றை அடுக்கு டேபிள் ரோஸ், இட்லிப்பூ போதும். அடுக்கு அடுக்காக இருக்கும் ஒட்டுரகச் சாமந்தி பார்க்க அழகு, அதில் தேனீக்குக் கிடைப்பது குறைவு.
போன மாதம் கத்தரிப் பூவில் ஒரு கருவண்டு (தச்சுத்தேனீ என்பார்கள்) உட்காருவதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பூவைக் காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு ர்ர்ர் என்று ஒரு அதிர்வு, பூ மொத்தமும் ஆடியது, வயிற்றில் மஞ்சளாக மகரந்தம் கொட்டியது. கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் இருக்கும், நுனியில் சின்னத் துளைதான், இப்படி அதிர வைத்தால்தான் நன்றாகக் கொட்டும். வளர்ப்புத் தேனீயால் அது முடியாது. கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் குடையும், பழைய மூங்கில் கழி இரண்டை மழை படாத மூலையில் கட்டி வையுங்கள்.

மாடிக்கொடி:
எல்லோருக்கும் நன்றி. தேனீப்பெட்டி வாங்கி வைக்கலாமா என்றும் யோசித்தேன்.

தும்பை:
பெட்டி இப்போது வேண்டாம். சுற்றிலும் பூ குறைவாக இருக்கும்போது ஒரு பெட்டித் தேனீயை இறக்கினால், இருக்கிற கொஞ்சத்துக்கும் காட்டுத்தேனீயோடு போட்டி வரும். அக்கம்பக்கத்தாரையும் கேட்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தானாக வந்த கூட்டை யாரிடமும் சொல்லாமல் ராத்திரி புகை போட்டுக் கொளுத்திவிட்டார்கள். காலையில் போனால் படியெல்லாம் தேனீ செத்துக் கிடந்தது, முறத்தில் அள்ளினேன். இன்றுவரை மனசு ஆறவில்லை.

மாடிக்கொடி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். விளக்கை அணைத்துவிட்டு ஆறரை மணிக்குப் பந்தலடியில் உட்கார்ந்தேன். ஏழு மணி வாக்கில் சாம்பல் நிற விட்டில் ஒன்று பீர்க்கம்பூ முன்னால் நின்றபடியே பறந்து, நீளமான உறிஞ்சியை உள்ளே விட்டது. மூன்று பிஞ்சு நின்றிருக்கிறது, பெரியது ஒரு சாண் இருக்கும். எதிர்வீட்டு மாமியிடம் துளசி நாற்று இரண்டு கொடுத்திருக்கிறேன். தெருமுனையில் மெக்கானிக் கடைக்கு மேலே ஒரு மாடி சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய்க் கேட்கப் போகிறேன்.