கோர்சேர் எஞ்சினுக்குப் பின்னாடி என்ன இருக்கு? 1:48-ல கையால கட்டின அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

கோர்சேர்ங்கறது ரெண்டாம் உலகப்போர் கால அமெரிக்க சண்டை விமானம், நான் கட்டினது அதோட பிளாஸ்டிக் மாடல், நிஜத்துல 48-ல ஒரு பங்கு சைஸ். எஞ்சினோட முன்பக்கம் மாடல் கட்டற எல்லாருக்கும் வந்துரும்ங்க. ரெண்டு வரிசை சிலிண்டர், நடுவுல சாம்பல் கலர் கியர் கேஸ், கிட்ல குடுத்ததை ஒட்டி ஒரு வாஷ் (தண்ணியா கரைச்ச டார்க் பெயிண்ட்) அடிச்சு ப்ரொப்பெல்லரை மாட்டிட்டா யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. வம்பு எப்ப ஆரம்பிக்குதுன்னா, கவுலிங்குக்கு (எஞ்சினைச் சுத்தி மூடற தகடு உறை) பின்னாடி இருக்கற சைடு பேனலை கழட்டி வச்ச மாதிரி காட்டணும்னு ஆசை வரும்போதுதான். நான் எடுத்த 1:48 கிட்ல எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கற தடுப்புச் சுவர்) நடுவுல ஒண்ணுமே கிடையாது, காலி இடம். நிஜ விமானத்துல அங்கதான் எல்லாமே அடைஞ்சு கிடக்கு, எஞ்சினைத் தாங்கற ஸ்டீல் பைப் ஃப்ரேம், ஆயில் டேங்க், சூப்பர்சார்ஜர் (காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளறது), காத்து வர்ற டக்ட், எக்ஸாஸ்ட், கண்ட்ரோல் ராடுங்கனு கை நுழைய இடமிருக்காது.

ஏன் கோர்சேர்னு கேப்பீங்க. நான் கோயம்புத்தூருங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் கடற்படைக்கு இங்க ஒரு விமான ரிப்பேர் யார்டு இருந்துச்சு, எச்எம்எஸ் கருடானு பேரு, சூலூர்ல இருந்ததுக்கு எச்எம்எஸ் வைரி. கப்பலே இல்லாத ஊர்ல கப்பல் பேர் வச்ச ரெண்டு இடம். அமெரிக்கா குடுத்த கோர்சேர் ரெண்டாயிரத்துச் சொச்சம் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போச்சு, அதுல ஒரு பங்கு இந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல்ல ஓடினதுதான். அதனால ரிப்பேர்ல நிக்கற கோர்சேர்னா இந்த ஊர்க்காரன் கட்டினா தப்பில்லனு எனக்கு ஒரு நியாயம்.

எஞ்சின் பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 டபுள் வாஸ்ப். 18 சிலிண்டர், 46 லிட்டர், 2000 குதிரை சக்தி. குறுக்களவு 1.34 மீட்டர், 1:48-ல 28 மில்லிதான் வரும், நம்ம பத்து ரூபா காயினுக்கு ஒரு மில்லி கூட. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு ஸ்பார்க் ப்ளக், அப்ப மொத்தம் 36 ஒயர். ப்ளக் லீடு நிஜத்துல சுமாரா ஒரு செ.மீ. தடிமன்னு வச்சுக்கிட்டா நமக்கு வேண்டியது 0.2 மில்லி ஒயர். நெறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க, டெலிபோன் கேபிள்ல இருக்கற அரை மில்லி கம்பியை அப்படியே வளைச்சு ஒட்டிடறாங்க, பாத்தா ப்ளக் ஒயர் மாதிரியா இருக்கு, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற ஓஸ் மாதிரி இருக்கு.

0.2 மில்லிக்கு எங்க போறதுனு யோசிச்சு, காந்திபுரம் பக்கம் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனேன். 36 கேஜ் காப்பர் ஒயர்னு கேட்டா 0.19 மில்லி, கச்சிதம். 40 கேஜ் 0.12 மில்லி, அது இன்னும் சின்ன லைனுக்கு. கடைக்காரர் "எத்தனை கிலோங்க?"ன்னார். ரெண்டு மீட்டர் போதும்ங்கண்ணானு சொன்னதும் என்னை மேலயும் கீழயும் பாத்தார். போன்ல மெயின்டனன்ஸ் மேனுவல் படத்தைக் காட்டி விஷயத்தை சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த ஆயில் லைன் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தவரு கேட்ட மொத கேள்வி, "இதுல சக்‌ஷன் எது, டெலிவரி எது தம்பி?" எனக்கு பதில் தெரியல. "அது தெரியாம எப்படி பைப் இழுப்பீங்க, சக்‌ஷன் லைன் தடியா இருக்கணும்ல, நம்ம போர்வெல் மோட்டாருக்கும் அதானே"ன்னார். காசு வாங்கல, ஒரு பழைய காயில்ல இருந்து வெட்டிக் குடுத்துட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டார்.

அந்த ஒரு கேள்விதாங்க நான் இங்க சொல்ல வந்ததே. அதுக்கு முந்தி நான் படத்தைப் பாத்து, இங்க ஒரு பைப் தெரியுது, அங்க ஒரு பைப் தெரியுதுனு அலங்காரம் பண்ணிட்டு இருந்தேன். அப்புறம் ஒக்காந்து ஒவ்வொரு லைனும் எங்க கெளம்பி எங்க போய் சேருதுனு பேப்பர்ல போட்டேன். ஆயில் டேங்க் எஞ்சினுக்குப் பின்னாடி, அதுல இருந்து தடியான லைன் எஞ்சின் பம்ப்புக்கு. சுத்தி முடிச்ச சூடான ஆயிலை இன்னொரு பம்ப் இழுத்து, ரெக்கை வேர்ல, அதாவது ரெக்கை உடம்போட சேர்ற எடத்துல, இருக்கற கூலருக்குத் தள்ளுது, ரெண்டு பக்கமும் கூலர் இருக்கு, அங்க இருந்து திரும்ப டேங்க்குக்கு. காத்து அதே மாதிரி ரெக்கை வேர் வழியா உள்ள வருது. மொதல்ல துணை சூப்பர்சார்ஜர், அப்புறம் இன்டர்கூலர் (அழுத்தினதுல சூடான காத்தை ஆத்தறது), அப்புறம் கார்புரேட்டர், அப்புறம் எஞ்சினோட சொந்த சூப்பர்சார்ஜர், அதுக்கப்புறம்தான் சிலிண்டர். இதை எழுதினதும் எந்த டக்ட் பெருசு, எது எது மேல படுத்திருக்கும், எது மறைஞ்சு போகும்னு தானா வந்துருச்சு. பேனல் திறப்புல தெரியாத லைனை கட்டவே இல்ல, பாதிக்குப் பாதி மிச்சம். ஆனா தெரியற ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொடக்கம் இருக்கு, ஒரு முடிவு இருக்கு, நடுவுல எதுக்காவது பின்னாடி போய் மறையுது. பாக்கறவனுக்கு இஞ்சினியரிங் தெரியணும்னு இல்ல, அந்தரத்துல முடியற பைப்பை கண்ணு கண்டுபிடிச்சுரும்.

இன்னொண்ணு, ஆர்-2800-ல முன் வரிசை சிலிண்டரோட புஷ்ராடு (வால்வைத் தொறக்கற கம்பி) முன்னாடி இருக்கும், பின் வரிசையோடது பின்னாடி இருக்கும், ஏன்னா அதைத் தள்ளற கேம் ரெண்டு பக்கமும் தனித்தனி. அதனால பின்பக்கம் பேனல் தொறந்தா அந்த 18 புஷ்ராடுல பாதியாவது தெரிஞ்சே ஆகணும். அரை மில்லி பிளாஸ்டிக் ராடை வெட்டி கறுப்பு அடிச்சு வச்சேன், அவ்ளோதான் வேலை, ஆனா மொட்டையா இருந்த எஞ்சினோட முதுகு அதுலதான் எஞ்சினா மாறிச்சு.

காப்பர் ஒயர் பத்தி ஒரு டிப். வைண்டிங் ஒயர் மேல வார்னிஷ் இருக்கும், ஃபெவிக்விக்கும் பிடிக்காது பெயிண்ட்டும் பிடிக்காது. லைட்டர்ல ஒரு செகண்ட் காட்டி, ஆறினதும் ரெண்டு விரலுக்கு நடுவுல நைஸ் எமரி பேப்பரை வச்சு ஒரு இழுப்பு. வார்னிஷும் போயிரும், கம்பியும் நல்லா இளகி சொன்ன பேச்சு கேக்கும். எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும் காப்பர் வேண்டாம், தடி சால்டர் ஈயக் கம்பி எடுங்க, 16 கேஜ் 1.6 மில்லி வரும், எவ்ளோ சின்ன வளைவுக்கும் மடிப்பு விழாம வளையும், நுனியை பின் வைஸால (சின்ன கை ட்ரில்) கொஞ்சம் குடைஞ்சுட்டா ஓட்டை பைப்தான்.

பேனல். கிட் பிளாஸ்டிக் ஒரு மில்லி தடிமன், அதை 48-ஆல பெருக்குங்க, ரெண்டு இன்ச் தகடு! போர்க்கப்பலுக்குத்தான் அது. மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்கற ஃபாயில் சுமாரா 0.02 மில்லி, அது கணக்குப்படி ஒரு மில்லி தகடா நிக்குது. காலி டோலோ அட்டை எல்லா வீட்லயும் இருக்கும். மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் படலத்தோட எடுத்தா கிழியாது.

உங்க கதைய சொல்லுங்க, எந்த ஸ்கேல்னாலும் சரி.

———

அண்ணா செம. நான் 1:32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9, எஞ்சின் மெர்லின் 66. உங்களோட மாதிரி ரேடியல்ல (சிலிண்டர் வட்டமா நிக்கற எஞ்சின்) பாதி மறைஞ்சுரும், மெர்லின்ல தப்பிக்க வழியே இல்ல, மூடி எடுத்தா 12 சிலிண்டரோட ரெண்டு பக்கமும் அப்பட்டமா நிக்குது, மேல பின்பக்கம் அந்த இன்டர்கூலர் பெட்டி வேற. ப்ளக் 24. எனக்கு ஒயர் பிரச்சனை இல்ல, பைப் ஜாயிண்ட்தான் பிரச்சனை, ரப்பர் ஓஸ் வர்ற எடத்துல கொஞ்சம் தடிச்சு ரெண்டு பக்கம் கிளாம்ப் தெரியணும். அதுக்கு ஊசி குழாய்தான் சரி, 26 கேஜ் வெளிப்பக்கம் 0.46 மில்லி, 22 கேஜ் 0.72, 18 கேஜ் 1.27, உள்ள காப்பர் கம்பி சொருகிட்டா ஜாயிண்ட் ரெடி. ஆனா மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே எல்லா சைஸ்லயும் ரெண்டு ரெண்டு ஊசி குடுங்க, மருந்து வேணாம்"னு கேட்டுப் பாருங்க, அவர் என் கையைத்தான் மொதல்ல பாத்தார் 😂 சீட்டு எங்க, யாருக்கு, வீட்ல யார் இருக்காங்கனு ஒரே விசாரணை. பையிலிருந்து பாதி கட்டின எஞ்சினை எடுத்து கவுண்ட்டர்ல வச்சேன். அப்புறம் கடைல வேலை செய்ற பொண்ணு, பார்மசிஸ்ட், மருந்து வாங்க வந்த ஒரு தாத்தா மூணு பேரும் குனிஞ்சு பாத்துட்டு, தாத்தா மட்டும் "இது பறக்குமா"ன்னார். பறக்காதுங்க தாத்தானதும் அவருக்கு இன்ட்ரஸ்ட் போயிருச்சு.

ஊசியை வெட்டும்போது நிப்பர் (வெட்டற குறடு) வைக்காதீங்க, வாய் நசுங்கிரும். ஃபைல்ல சுத்தி கோடு போட்டு மடக்கி உடைங்க. கண்ணாடி கட்டாயம், தெறிக்கும்.

———

வணக்கம் அண்ணா, நான் இலங்கை, புத்தளம். கோர்சேர் எண்டதும் எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. எங்கட ஊரில பாலாவிப் பக்கம் இப்ப இருக்கிற விமானத்தளம்தான் அந்தக் காலத்தில எச்எம்எஸ் ராஜாளிய. கோர்சேர் அங்க நிண்டது. சேத்தில புதையுற விமானத்தை யானை கட்டி இழுக்கிற படம் ஒண்டு இருக்கு, யுத்தகாலத்தில பிரிட்டிஷ்காரன் எடுத்த படம், தேடினால் கிடைக்கும். எங்கட ஊர் வயசான ஆக்களிட்ட அந்தப் படத்தைக் காட்டினனான், யானைக்குத்தான் ஆளாளுக்கு ஒரு கதை வச்சிருக்கினம், விமானத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

நான் அதைத்தான் 1:72-ல டயோரமாவாக் (சுத்தியுள்ள காட்சியோட சேர்த்து) கட்டுறன். அந்த ஸ்கேலில ப்ளக் ஒயர் எல்லாம் வேலைக்கு ஆகாது அண்ணா, இயர்போன் ஒயருக்குள்ள இருக்கிற மயிர் போல கம்பிதான் பாவிக்கிறன், அதுவே கொஞ்சம் தடிப்புத்தான். நான் முன்பக்கத்து ப்ளக்குக்கு மட்டும் போட்டிட்டு விட்டிட்டன். ஒரு விசயம் கேக்கோணும், கவுல் ஃப்ளாப் (கவுலிங்கின்ர பின் ஓரத்தில திறந்து மூடுற சின்னத் தகடுகள்) எல்லாம் திறந்து வச்சால் உள்ளுக்குத் தெரியும் எண்டு நினைச்சன், மேல இருக்கிறதையும் திறக்கலாமோ?

———

மேல இருக்கறதை தொறக்காதீங்க தம்பி. கோர்சேர்ல ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் மேல் ஃப்ளாப் வழியா கசிஞ்சு பைலட்டோட கண்ணாடில அடிக்குதுனு, உச்சில இருக்கற மூணு ஃப்ளாப்பையும் அசையாம அடைச்சுட்டாங்க. சைடுல இருக்கறதை மட்டும் தொறங்க. பிரிட்டிஷ் விமானம்னா ரெக்கை நுனியையும் பாத்துக்கங்க, கப்பல் ஹேங்கர்ல மடிச்சு வைக்க உயரம் பத்தலைனு பக்கத்துக்கு 8 இன்ச் வெட்டியிருப்பாங்க. யானை இழுக்கற படத்தை நானும் பாத்திருக்கேன், கட்டி முடிச்சா கண்டிப்பா போடுங்க.

———

லண்டன்லருந்து எழுதறேன். இங்க யோவில்டன்ல இருக்கற கடற்படை விமான மியூசியத்துல நிக்கற கோர்சேர் கேடி431-ஐ நேர்ல போய் பாத்தேன், உங்க வேலைக்கு அது உதவுமானு கேட்டா ஆமாவும் இல்லையும். போருக்குப் பிறகு மேல அடிச்ச பெயிண்ட்டை அங்குலம் அங்குலமா எடுத்து அடியில இருந்த போர்க்கால பெயிண்ட்டை வெளிய கொண்டு வந்திருக்காங்க, அதனால மங்கல், தேய்மானம், கை பட்ட அழுக்கு எப்படி இருக்கும்னு பாக்க அதை விட நல்ல இடம் கிடையாது. வெளிப்பக்கம் எவ்ளோ கந்தலா இருக்குனு பாத்தீங்கன்னா நம்மாளுங்க அடிக்கற வெதரிங்கே (பழசா காட்டற பெயிண்ட் வேலை) கம்மினு தோணும். ஆனா கவுலிங் மூடியிருக்கு. பின்பக்கம் நீங்க சொல்ற அந்த இடம் தெரியவே தெரியாது. கடைசில மேனுவல்ல இருக்கற கோட்டுப் படம்தான் கதி. போட்டோல நிழல் விழுந்து ரெண்டு பைப் ஒண்ணா தெரியும், கோட்டுப் படத்துல ஒவ்வொண்ணும் தனியா இருக்கும்.

———

எல்லாம் சரி, தப்பா எடுத்துக்காதீங்க, 3டி பிரிண்ட்ல முழு எஞ்சினும் ஒயரோட வருது இப்ப. வாங்கி பெயிண்ட் அடிச்சா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும். எதுக்கு இவ்ளோ பாடு?

———

தப்பே இல்லைங்க, எஞ்சினுக்கு நானே வாங்குவேன். சிலிண்டர் ஃபின்னு எல்லாம் கையால பண்றது பைத்தியக்காரத்தனம், 18 சிலிண்டர் ஒரே மாதிரி வரணும், பிரிண்ட் நம்மளை விட நல்லா பண்ணும். ஆனா நான் பாத்த பிரிண்ட் செட் எல்லாம் எஞ்சினோட பின்தட்டு வரைக்கும் வந்து நின்னுருது. அங்கிருந்து ஃபயர்வால் வரைக்கும் உள்ளது உங்க கிட்டோட உள் அகலத்தைப் பொறுத்தது, அதை அளந்து நீங்கதான் கட்டியாகணும். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ்ல செட்டோட வெலைய விட டூட்டியும் கூரியர் காசும் மேல நிக்குது, அது தனிக் கதை.

ஒயரோட வர்ற பிரிண்ட்ல ஒயரும் ரெசின்தான், 0.2-க்கு பிரிண்ட் பண்ணா தொட்டா உடையும்னு கொஞ்சம் தடியாவே பண்ணி வச்சிருப்பாங்க. நான் பண்றது, பிரிண்ட் எஞ்சினை வாங்கி அந்த ஒயரை மட்டும் கத்தியால சீவி எடுத்துட்டு காப்பர் போடறது.

எந்த வரிசைல கட்டறதுன்னா: மொதல்ல ஃபயர்வால், அதுல ஃப்ரேம், 0.8 மில்லி ராடு போதும். ஃப்ரேமுக்கு அட்டையில எஞ்சின் வட்டம் வரைஞ்சு ஜிக் (கோணாம பிடிச்சு நிறுத்தற அச்சு) வச்சுக்கங்க, இல்லனா எஞ்சின் கோணும். அப்புறம் டேங்க், அப்புறம் பெரிய டக்ட், அப்புறம் தடி லைன், கடைசியா மெல்லிசு லைன். ஒவ்வொரு தடவை பைப் ஒட்டும்போதும் பசை காயறதுக்குள்ள கவுலிங்கை வச்சுப் பாத்துருங்க, அரை மில்லி துருத்திக்கிட்டு நின்னாலும் மூடாது. டேங்க் ஸ்ட்ராப்புக்கும் ஓஸ் கிளாம்ப்புக்கும் அதே மாத்திரை ஃபாயிலை ஸ்கேல் வச்சு அரை மில்லி பட்டையா வெட்டுங்க, புது பிளேடு, ஒரே இழுப்பு, ரெண்டாவது தடவை இழுத்தா சுருண்டுக்கும்.